எலும்பை இணைத்த கைவினைஞர்

தோளையும் முழங்கையையும் இணைப்பது மேற்கை எலும்பு. அதன் பின்புறத்தை ஒட்டி ஆர நரம்பு சுற்றிச் செல்கிறது. எலும்பு முறியும்போது அந்நரம்பும் சிதைந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். விரல்களை நீட்ட இயலாது. கையையே முதலாகக் கொண்டு உழைத்து உண்பவருக்கு இது வாழ்வைப் பறிக்கும் இழப்பாகும். சுமைதூக்குவோரும் கப்பல் தொழிலாளரும் நிறைந்த பெல்ஜியத்துத் துறைமுக நகரம் ஆன்ட்வெர்ப். அங்குதான் அறுவை மருத்துவர் அல்பின் லாம்போத் தம் வாழ்நாட்பணியை ஆற்றினார்.

லாம்போத் 1866ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தமையனார் எலியும் அறுவை மருத்துவரே. அவரிடமே தொழிலின் நுட்பங்களைக் கற்றார்.

அக்காலத்தில் எலும்பு முறிவுக்குச் சிம்பும் மாவுக்கட்டுமே மருந்து. பல வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால் எலும்பு கூடியிருக்கும். ஆனால் பலருக்குக் கோணலாகக் கூடியிருக்கும், மூட்டும் இறுகியிருக்கும். 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டபின், தொட்டுப் பார்த்து நேரென்று நம்பிய எலும்பும் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எனினும் தோலைத் திறந்து எலும்பைப் பொருத்த மருத்துவர் பலர் அஞ்சினர். அவ்வச்சம் வீணானதன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அந்நாளில் புண் சீழ்ப்பிடித்தால் கை மட்டுமன்றி உயிரும் போகும். லாம்போத்தோ, முறிந்த முனைகளை உரிய இடத்தில் சேர்த்து உலோகத்தால் இறுகப் பிடித்தால், மூட்டை விரைவில் அசைக்கலாம் என்பதில் உறுதியாக நின்றார். 1902இல் எலும்பில் செருகிய ஊசிகளை உடலுக்கு வெளியே ஒரு சட்டத்தில் பிணைக்கும் முறையைக் கையாண்டார். 1907இல் வெளியிட்ட நூலில் இச்சிகிச்சைக்கு ‘ஆஸ்டியோசிந்தெசிஸ்’ எனப் பெயரிட்டார். எலும்பிணைப்பு என்பது அதன் பொருள்.

அவருடைய துணிவுக்கு அடித்தளம் கைத்திறனே. மருத்துவராக மட்டுமன்றி வயலின் செய்யும் கைவினைஞராகவும் அவர் விளங்கினார். அவர் செய்த வயலின்கள் 182 என்பர். மரத்தை இழைத்துப் பழகிய அக்கைகளே குறடு, உளி, தகடு, திருகாணி ஆகியவற்றையும் உருவாக்கின. அலுமினியம், வெள்ளி, பித்தளை, எஃகு என உலோகங்களை மாற்றி மாற்றி ஆராய்ந்தார். 1909இல் அவர் அமைத்த தகடு மெல்லியது, இருமுனையும் குறுகியது. வடிவம் அழகாக இருந்தபோதிலும் போதிய வலிமை அதற்கில்லை. தசைகள் இழுக்கும் விசைக்கு மெல்லிய தகடு வளையும். உடல்நீரில் சாதாரண எஃகு அரிக்கும். துருவேறா எஃகு அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. கைவினை எவ்வளவு தேர்ந்ததாயினும் உலோகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

ஆயினும் வழி அடைபடவில்லை. அவர் நாட்டவரான ராபர்ட் டானிஸ், முறிந்த முனைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் தகட்டை 1949இல் தம் நூலில் விளக்கினார். மறு ஆண்டு டானிஸைக் காண வந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் மாரிஸ் முல்லர், 1958இல் தம் தோழர்களோடு எலும்பிணைப்புக்கென ஓர் ஆய்வுக்குழுவைத் தோற்றுவித்தார். மேற்கை எலும்பில் தகடு பொருத்தும் மருத்துவர் இன்றும் ஆர நரம்பைத் தேடிக் காத்துக்கொண்ட பின்னரே திருகாணியைச் செலுத்துகிறார்.

லாம்போத் 1955இல் மறைந்தார். எலும்பைப் பற்றும் குறடும் எலும்பு வெட்டும் உளியும் அறுவை அரங்குகளில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.