இரண்டு பட்டியல்களில் ஒரு பெயர்

ஐ.பி.எல். ஏலம் நெருங்கிவிட்டால் எங்கள் ஜேடர்பாளையத்துத் தேநீர்க் கடைகளில் சோதிடர்கள் பெருகிவிடுவார்கள். சென்னை அணி யாரை எடுக்கும், எவ்வளவு கோடிக்கு எடுக்கும், யாரைக் கைகழுவும் என்று காலை முதல் இரவு வரை ஆரூடம் நடக்கும். கணிதம் படிக்கிறவன் என்ற மிதப்பில் நானும் சென்ற முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினொரு பெயர்களை எழுதி வைத்தேன். இரண்டு பலித்தன. அந்த இரண்டையும் பெட்டிக்கடைக்காரரும் சொல்லியிருந்தார் என்பதால் அதிலும் எனக்குப் பெருமையில்லை.

2017-ஆம் ஆண்டு ஏலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவருடைய அடிப்படை விலை 10 இலட்சம். எங்கள் ஊர்ச் சோதிடர்களில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து மாவட்டத்துப் பையனையே நாம் பார்க்கவில்லையே என்று அன்று பெரியவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. புதன்சந்தையில் மாட்டைப் பல்பிடித்துப் பார்த்து விலை பேசுகிறவர்கள் நாம். ஆட்டக்காரனை எதைப் பிடித்துப் பார்ப்பது?

ஏலமும் தொலைக்காட்சியும் இல்லாத காலத்தில் ஒருவன் எப்படிக் கண்ணில் பட்டான் என்று தேடியபோதுதான் எம். ஜே. கோபாலன் அவர்களின் வரலாறு எனக்குக் கிடைத்தது. ஒரே நேரத்தில் இரண்டு இந்திய அணிகளின் பார்வையில் இருந்தவர் அவர். தேர்வு என்பது எவ்வளவு விநோதமான காரியம் என்பதை அறிய இவருடைய வாழ்க்கையைக் காட்டிலும் நல்ல பாடம் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

கோபாலன் 1909-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. சேப்பாக்கம் மைதானம் கூப்பிடு தூரம். வேகப் பந்து வீச்சாளராக வளர்ந்த அவரைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். ஒவ்வொரு பொங்கலுக்கும் சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிக்கொண்ட காலம் அது. எதிர் அணியைச் சேர்ந்த ஜான்ஸ்டன், இந்தப் பையன் தேறுவான் என்று கணித்ததோடு நிற்கவில்லை. தாம் பணியாற்றிய பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியிலேயே அவருக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். என் தந்தையார் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்பவர். பள்ளி நாட்களில் நான் பந்தைத் தூக்கிக்கொண்டு காவேரி மணலுக்குப் புறப்படும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். இது சோறு போடுமா என்பதுதான் அது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தேர்வுக்குப் போய், ஒட்டப்பட்ட பட்டியலில் என் பெயரை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டு வந்த மாலையில் அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஜான்ஸ்டன் அக்கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டுத்தான் கோபாலனின் கையில் பந்தைக் கொடுத்திருக்கிறார். திறமையைக் கண்டுகொள்ளும் கண்கள் பல உண்டு. வேலை வாங்கித் தரும் கைகள் சிலவே.

ஹாக்கி ஆட்டத்திலும் கோபாலன் வல்லவர். அந்தத் திறனை வெளிக்கொணர்ந்தவர் ராபர்ட் சம்மர்ஹேஸ் என்பவர். குளிர்காலத்தில் ஒன்று, மற்றப் பருவத்தில் இன்னொன்று என்று இரண்டு ஆட்டங்களிலும் சென்னையின் முன்னணி வீரராக அவர் விளங்கினார்.

1934-ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் முதன்முதலாக ஒரு டெஸ்ட் பந்தயம் நடந்தது. ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்தை எதிர்த்து, சி. கே. நாயுடு தலைமையிலான இந்திய அணியில் கோபாலன் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட். அடுத்த பந்தயம் பிப்ரவரியில், அவருடைய சொந்தச் சேப்பாக்கத்தில்! சென்னை மண் கண்ட முதல் டெஸ்ட் அது. திருவல்லிக்கேணியின் திண்ணைச் சோதிடர்கள் யார் பெயரை முதலில் எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆடிய பதினொருவரில் கோபாலன் இல்லை. அதன் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் ஆடவே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் அதே சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த அந்தப் பந்தயத்தில், கோப்பையின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59 என்று இருமுறையும் சுருண்டது. 130 ஓட்டங்கள் எடுத்த சென்னை ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் எடுத்தவர் ஏ. ஜி. ராம் சிங். அந்த ராம் சிங் பின்னர் ரஞ்சிக் கோப்பையில் ஆயிரம் ஓட்டங்களும் நூறு விக்கெட்டுகளும் கண்டார். எனினும் ஒரு டெஸ்டில்கூட அவரை எடுக்கவில்லை. அவருடைய புதல்வர் கிரிபால் சிங் 1955-இல் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார் என்பதை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

1935-இல் இந்திய ஹாக்கி அணி தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்றது. அவ்வணியில் கோபாலனும் சென்று வந்தார். அப்பயணத்தில் நம்மவரை வெல்ல ஆளில்லை. அடுத்த ஆண்டு பெர்லினில் ஒலிம்பிக். இந்தியா 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தங்கம் வென்றிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்த அணி நம்முடையது. பெர்லினில் தங்கம் யாருக்கு என்று கணிக்க எந்தச் சோதிடரும் தேவைப்படவில்லை. கோபாலனுக்கு ஹாக்கித் தேர்வு ஆட்டத்துக்கு அழைப்பு இருந்தது. அதே கோடையில் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியிலும் அவர் பெயர் இருந்தது. அதுவரை இந்தியா ஒரு டெஸ்டிலும் வென்றதில்லை. ஒரு பக்கம் கைக்கெட்டும் தங்கம். மறு பக்கம் தோல்விக்கே வாய்ப்பு மிகுந்த பயணம்.

அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நிகழ்தகவு படிக்கும் மாணவனாகிய எனக்கு இது முதலில் தவறான கணக்காகவே தோன்றியது. யோசித்தால் அவ்வளவு எளிதில் தவறென்று சொல்ல முடியவில்லை. கிரிக்கெட் ஆடுகிறவனுக்கு லார்ட்ஸ் மைதானம் ஒரு காசி. கல்கத்தாவில் ஒரு முறை வாய்த்து, சேப்பாக்கத்தில் பறிபோன இடத்தை மீட்கும் ஆசை யாருக்கு இருக்காது? எனக்கு இருந்திருக்கும்.

அந்தப் பயணத்தில் விஜயநகரம் மகாராஜகுமார் அணித் தலைவர். ஆட்டத்தைவிட அந்தஸ்தால் வந்த தலைமை என்று அன்றும் இன்றும் எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல ஃபார்மில் இருந்த அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நிசாரும் அமர்சிங்கும் இருந்த வேகப் பந்து வரிசையில் கோபாலனுக்கு இடம் கிடைப்பது கடினம்தான். ஆனால் ஓவலில் நடந்த கடைசி டெஸ்டில் பந்து வீச்சாளர் ஒருவருக்குப் புதிதாக இடம் கிடைத்தபோது அது பாகா ஜிலானிக்குச் சென்றது. காலை உணவு மேசையில் சி. கே. நாயுடுவை அவமதித்ததற்குக் கிடைத்த பரிசு அது என்று ஒரு பேச்சு கிரிக்கெட் உலகில் நெடுங்காலமாக உண்டு. சென்னையிலிருந்து சென்ற இன்னொருவரான கோட்டா ராமசாமி, நாற்பது வயதில் இரண்டு டெஸ்டுகளில் ஆடி மானம் காத்தார். டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவரும் அவரே. கோபாலனுக்கு மூன்று டெஸ்டில் ஒன்றும் இல்லை.

தேதிகளை ஒத்துப் பார்த்தபோது ஒன்றைக் கண்டேன். ஓவல் டெஸ்ட் தொடங்கிய நாள் 1936 ஆகஸ்ட் 15. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன பெர்லின் ஹாக்கி இறுதி ஆட்டம் நடந்ததும் அதே ஆகஸ்ட் 15. லண்டனில் ஆடாத ஒருவராகக் கோபாலன். பெர்லினில் தியான் சந்தும் தோழர்களும் ஜெர்மனியை 8-க்கு 1 என்று வென்று தங்கம் அணிந்தார்கள்.

அத்துடன் உடைந்து போயிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஊர் திரும்பிய கோபாலன் சென்னைக்காகப் பல ஆண்டுகள் பந்து வீசினார். அணிக்குத் தலைமையும் தாங்கினார். சென்னைக்கும் இலங்கைக்கும் அக்காலத்தில் ஆண்டுதோறும் நடந்த பந்தயத்துக்கு 1952-53 முதல் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். இலங்கை டெஸ்ட் தகுதி பெறாத அந்நாட்களில் அந்நாட்டு வீரர்கள் பலருக்கு அதுவே பெரிய அரங்கு. 1950-களில் அவர் இந்திய அணியின் தேர்வாளர்களில் ஒருவராக அமர்ந்தார். பட்டியலில் விடுபட்டவன் பட்டியல் எழுதும் மேசைக்கே வந்து சேர்ந்தான். அந்த மேசையில் பேனாவைக் கையில் எடுத்தபோதெல்லாம் ஓவல் மைதானம் அவர் கண்முன் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

2003-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் சென்னையில் 94-ஆம் வயதில் அவர் காலமானார். அப்போது உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் அவரே மூத்தவர்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இக்கதையை என் தந்தையாரிடம் சொன்னேன். வெற்றிலைக் கவுளியை அடுக்கிக்கொண்டே முழுவதும் கேட்டார். ஒலிம்பிக் தங்கம் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணெய்க் கம்பெனி இப்போதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அரசு எடுத்துக்கொண்டு பாரத் பெட்ரோலியம் ஆகிவிட்டது என்றேன். அப்படியா, நல்ல வேலைதான் என்று தலையசைத்துவிட்டு அடுத்த கவுளியை எடுத்தார்.