கொல்லர் மகன் கத்துக்கிட்ட இங்கிலீஷ்

ஆனோடு, கேத்தோடு, எலக்ட்ரோலைட், டைஎலக்ட்ரிக். பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் நம்ம கூடவே வர்ற வார்த்தைகள். இவற்றையெல்லாம் இங்கிலீஷுக்குள்ள கொண்டு வந்தவர், எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் மட்டும் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டு, அதோட வேலைக்குப் போனவர்னு சொன்னா நம்புவீங்களா?

அவர்தான் மைக்கேல் ஃபாரடே. மோட்டார், ஜெனரேட்டர் கதை உங்களுக்கே தெரியும், அதை விட்டுடலாம். ஒரு பொருளைப் பார்த்து, அது எப்படி இருக்கு, சூடாக்கினா என்ன ஆகுதுன்னு சரியான வார்த்தையில சொல்ல அவர் எப்படிக் கத்துக்கிட்டார்? அதுதான் இந்தக் கட்டுரை. பிளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற நமக்கு இது ரொம்பவே தேவை.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று, இன்றைய லண்டனில் இருக்கும் நியூயிங்டன் பகுதியில் பிறந்தார். அப்பா கொல்லர். அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனதால் வீட்டில் வறுமை. 1804-ல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அதே கடையில் பைண்டிங் தொழில் பழக ஏழு வருஷ ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே அவர் படிக்க ஆரம்பிச்சார். ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் புத்தகம் அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதில் படிச்சதை, கையில் இருந்த காசுக்குத் தக்கபடி தானே செஞ்சு பார்த்தார். 1810-லிருந்து மாலை நேர அறிவியல் உரைகளுக்குப் போனார். ஒரு உரைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தது அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லர்தான்.

1812-ல் பெஞ்சமின் அபாட் என்ற நண்பருக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சார். அபாட் இவரைவிட நல்லாப் படிச்சவர். அரட்டைக்காக மட்டும் எழுதின கடிதங்கள் இல்லை இவை. தன்னோட எழுத்தைச் சரிபண்ணிக்கணும்னே எழுதினார். முதல் கடிதங்கள்லயே என்ன இருக்கு தெரியுமா? அரைப்பென்னி காசு அளவில் துத்தநாகத் துண்டுகள், செம்புத் துண்டுகள், நடுவில் உப்புத் தண்ணியில் நனைச்ச காகிதம். இப்படி அடுக்கி, தானே செஞ்ச ஒரு பேட்டரியின் விவரம். எதை எவ்வளவு எடுத்தார், எப்படி அடுக்கினார், என்ன நடந்ததுன்னு வரிசையா எழுதினார். அவர் இங்கிலீஷ் பழகினது இப்படித்தான், கையில் இருந்த பொருளை வெச்சு.

அதே வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் நாலு உரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைஞ்சு, சுமார் 300 பக்கத்துக்கு எழுதி, தானே பைண்ட் பண்ணி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளர் வேலை கிடைச்சது. வாரம் 25 ஷில்லிங், தங்க மாடியில் இடம்.

வேலை கிடைச்சாச்சு, இனி மொழி எதுக்குன்னு விட்டாரா? இல்லை. 1818-ல் நண்பர்கள் சில பேர் சேர்ந்து கட்டுரை எழுதி ஒருத்தருக்கொருத்தர் படிக்கக் கொடுக்கிற சின்னக் குழு ஆரம்பிச்சாங்க. எட்வர்ட் மக்ராத் என்ற நண்பர் இவரோட இலக்கணத்தையும் பேச்சையும் திருத்தினார். பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரிடம் மேடைப்பேச்சும் கத்துக்கிட்டார். அப்போ ஃபாரடேக்கு 26 வயசு. நமக்கு 21 ஆகுது, இப்பவே லேட்டுன்னு புலம்புறோம்!

அடுத்து வர்றது நம்ம ஊருக்கும் தொடர்புள்ள கதை. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோட சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ஞ்சார். ஆரம்பம், தென்னிந்தியாவில் செய்து உலகமெங்கும் போன ஊட்ஸ் எஃகு. கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. இந்தச் சொல்லிலிருந்துதான் ஊட்ஸ் வந்ததுன்னு சொல்வாங்க. 1819-ல் ஃபாரடே அதைப் பகுப்பாய்வு செஞ்சு, அதோட சிறப்புக்குக் காரணம் அலுமினியம்னு நினைச்சார். அது தப்பு. முக்கியக் காரணம் கார்பன்னு பிற்பாடு தெரிஞ்சது. ஆனா அவர் கண்ணால் பார்த்ததையும், காரணம்னு தான் நினைச்சதையும் தனித்தனியா எழுதியிருந்தார். அதனால முடிவு தப்பானாலும் குறிப்பு வீணாகலை. அவர் வெச்சிருந்த எஃகுத் துண்டுகளை ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற உலோகவியலாளர் மறுபடி ஆராய்ஞ்சு 1931-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

1825-ல் விளக்கு எரிக்கும் வாயுவை அழுத்தும்போது சிலிண்டரில் தங்கும் எண்ணெய்லிருந்து ஒரு திரவத்தைப் பிரிச்சார். இன்னிக்கு நாம பென்சீன்னு சொல்றது அதைத்தான். அது என்னன்னு உலகத்துக்கே அப்போ தெரியாது. நிறமில்லை, ஒளி ஊடுருவும், அடர்த்தி இவ்வளவு, இந்த வெப்பநிலையில உறையும், இதுல கொதிக்கும். பெயர் தெரியாத பொருளுக்கு, குணங்களை அடுக்கியே ஒரு அடையாள அட்டை எழுதிட்டார்.

1833-ல் சில்வர் சல்ஃபைடு. உலோகத்தைச் சூடாக்கினா மின்சாரம் கடத்தும் திறன் குறையும். இதுலயோ சூடாக்கச் சூடாக்கக் கூடுது! ஏன்னு அவருக்குத் தெரியாது. இருந்தாலும் பார்த்ததைப் பார்த்தபடியே பதிவு பண்ணினார். கிட்டத்தட்ட 100 வருஷம் கழிச்சுத்தான் செமிகண்டக்டர் தியரி வந்து அதை விளக்கியது.

இப்போ ஆரம்பத்துல சொன்ன வார்த்தைகளுக்கு வருவோம். பேட்டரிக் கம்பியின் முனையை அதுவரை போல்னு சொல்லிட்டிருந்தாங்க. காந்தத் துருவத்துக்குச் சொல்ற அதே வார்த்தை. அந்த முனை பொருள்களை இழுக்குதுங்கிற அர்த்தம் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருந்தது. அப்படி இழுக்கறதா தன் சோதனைகள் காட்டலைங்கிறது ஃபாரடேயோட எண்ணம். கண்ணால பார்க்காததைச் சொல்ற வார்த்தை வேண்டாம்னு முடிவு பண்ணினார். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. அதனால தன் டாக்டர் விட்லாக் நிக்கோலிடமும், கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹியூவெல்லிடமும் கேட்டார். தெரியாததைக் கேட்க அவர் கூச்சப்படவே இல்லை. 1834-ல் ஆனோடு, கேத்தோடு, அயான் எல்லாம் அச்சில் வந்தன. டைஎலக்ட்ரிக், டயாமேக்னடிக் எல்லாம் பிற்பாடு வந்தவை.

ஃபாரடேக்கு உயர்கணிதம் வராது. சமன்பாடு எழுதற இடத்துல அவர் வாக்கியம்தான் எழுதினார். ஆய்வகக் குறிப்பேட்டில் 1832-லிருந்து அவர் எண் போட்டு எழுதிய பத்திகள் 16,000-க்கும் மேல். அவர் கண்டதுக்கு மேக்ஸ்வெல் பின்னாடி கணித வடிவம் கொடுத்தார். 1867 ஆகஸ்ட் 25 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் ஃபாரடே காலமானார்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நம்ம கிளாஸ்ல தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க, விடை தெரிஞ்சும் வைவால வாய் திறக்கறதில்லை. இங்கிலீஷ் வராது, கோர் கம்பெனி கிடைக்காதுன்னு மூணாம் வருஷத்துலயே முடிவு பண்ணிடறாங்க. நான் எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். நம்பிச் சொல்றேன், டஃப்னெஸுக்கும் ஹார்ட்னெஸுக்கும் வித்தியாசம் சொல்ற இங்கிலீஷை அங்கேயும் யாரும் சொல்லித் தரலை. எந்த இரும்பைக் கேட்டாலும் ஸ்ட்ராங்னு ஒரே வார்த்தை சொல்றவங்கதான் எங்க பக்கமும் அதிகம். இந்த இங்கிலீஷை எல்லாருமே புதுசாத்தான் கத்துக்கணும்.

அடுத்த லேப்ல யூ.டி.எம். மெஷின்ல மைல்டு ஸ்டீல் கம்பி அறுந்ததும் ரீடிங்கோட நிறுத்தாதீங்க. அறுந்த இடத்தைக் கையில எடுத்துப் பாருங்க. கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கா, நுனி கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கா? பக்கத்துலயே உடைஞ்ச காஸ்ட் அயர்ன் துண்டை வெச்சுப் பாருங்க. அது ஏன் ஒடுங்காம தட்டையா, பொரபொரன்னு உடைஞ்சிருக்கு? டக்டைல், பிரிட்டில் ரெண்டும் உங்க கையிலேயே இருக்கு. பார்த்ததை அஞ்சே வரி இங்கிலீஷ்ல எழுதி, திருத்தித் தர்ற ஒரு ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. அவங்க அனுப்பறதை நீங்க திருத்துங்க.

ஃபாரடேக்கு ஒரு அபாட் இருந்தார். உங்க அபாட் யாருன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க.