சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

கல்வி கற்றற்கு உரிய பருவம் இளமை என்பர் சான்றோர். அவ்விளமையில் ஏட்டைத் தொடும் பேறு பெறாதவர் என் செய்வர்? பருவம் கடந்து வருவாரைப் பள்ளி ஏற்குமா? ஏற்பினும், சிறு குழந்தைகட்கென வகுத்த பாடம் அவர்க்குப் பொருந்துமா? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக அளித்த பெருமாட்டியார் ஒருவர் சென்னை மாநகரில் வாழ்ந்தார். அவரே சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர், அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் விசாலாட்சி அம்மாள். முன்னோர் ஊர் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். குழந்தையின் அறிவுக் கூர்மை மிக இளமையிலேயே புலனாயிற்று. ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில், செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றார்.

அக்கால வழக்கப்படி இளம் பருவத்திலேயே அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணந்த கணவர் விரைவிலேயே இறந்தார். விளையாட்டுப் பருவம் நீங்காத சிறுமி கைம்பெண் ஆனாள். அந்நாளில் அத்தகைய சிறுமியர்க்கு உலகம் அளித்தது வீட்டின் ஒரு மூலையே. நல்ல ஆடையில்லை, மங்கல நிகழ்ச்சிகளில் இடமில்லை, படிப்பு என்பது நினைக்கவும் ஒண்ணாதது. ஆயின், சுப்புலட்சுமியின் பெற்றோர் மகளை மூலையில் அமர்த்த மனங்கொள்ளவில்லை. அவள் கையில் மீண்டும் நூலைக் கொடுத்தனர். கைம்மையுற்ற சிற்றன்னையாரும் உடனிருந்து துணை செய்தார். எழும்பூரில் உள்ள பிரசெண்டேஷன் கான்வெண்டுப் பள்ளியில் பயின்று, பின்னர் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1911-ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று.

தாம் கரையேறியதோடு அமைதி கொள்ளாமல், நீரில் தவிக்கும் பிறரையும் கைதூக்கிவிட அவர் விரும்பினார். எழும்பூரில் தந்தையார் வாழ்ந்த வீட்டிலேயே அந்தணர் குலத்துச் சிறு கைம்பெண்கள் நால்வரைச் சேர்த்துக் கொண்டு விடுதி ஒன்றைத் தொடங்கினார். பெண்கல்விப் பணியில் அவருக்குத் துணைநிற்க 1912-ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. விடுதி வளர்ந்தது, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகைக்கு இடம் மாறியது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம் அது. விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டில் தங்கிய பெருமையும் அதற்கு உண்டு. அவர் தங்கிய அவ்விடம் ஆதரவற்ற பெண்களின் அறிவுச்சாலையாக மாறியது பொருத்தமே.

அவ்விடுதிக்கு வந்தோர் ஒரு தன்மையர் அல்லர். எழுத்தறியாதாரும் உண்டு, சிறிது படித்து இடையில் நிறுத்தப்பட்டாரும் உண்டு. வயதிலும் வேறுபாடு மிகுதி. இவர்கள் எல்லார்க்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதை அம்மையார் உணர்ந்தார். ஆசிரியப் பணிக்குத் தகுதி பெற்றுத் தம் காலில் தாமே நிற்கும்படி அவர்களை ஆளாக்குவதே அவர் நோக்கம். மேலும், பெற்றோர் அஞ்சாமல் பெண்களை அனுப்ப வேண்டும் என்று கருதி, விடுதியில் குடும்ப ஆசாரங்களையும் காத்தார். இதனைச் சீர்திருத்தக்காரர் சிலர் குறை கூறினர். பெண்கள் படிப்பதையே பழமை பேணுவார் பலர் பழித்தனர். இருசாரார் சொல்லையும் பொறுத்துக் கொண்டு அவர் பணியைத் தொடர்ந்தார்.

1922-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது, அதன் தலைவியாக அம்மையாரே அமர்ந்தார். அங்கே பட்டம் பெற்றார்க்கு ஒரு பயிற்சி, உயர்நிலைக் கல்வி முடித்தார்க்கு ஒரு பயிற்சி, எட்டாம் வகுப்பளவு கற்றார்க்கு ஒரு பயிற்சி என மூவகைப் பயிற்சிகள் அமைந்தன. கற்றவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படியிலிருந்தே மேலேற்றும் ஏணி அது. விடுதியின் அருகே கடற்கரைக் குப்பத்தில் வாழ்ந்த மீனவர் குழந்தைகளையும் அவர் மறந்தாரல்லர். அவர்கட்கெனப் பள்ளி ஒன்றை நிறுவி, தம்மிடம் பயின்ற பெண்களையே அங்கு ஆசிரியைகளாக அனுப்பினார். நேற்றுக் கற்றவர் இன்று கற்பிப்பவர் ஆயினர்.

வயது முதிர்ந்த கைம்பெண்கள் சிறுமியரோடு ஒரே பலகையில் அமர நாணுவது இயல்பு. அவர்களும் தங்கிப் படிக்குமாறு 1927-ஆம் ஆண்டில் சாரதா வித்தியாலயம் நிறுவப்பெற்றது. இராமகிருஷ்ண மிஷன் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டது. தியாகராய நகரில் அது இன்றும் நிலவுகின்றது. அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. இளமையிற் படிப்பை இழந்த மகளிர்க்கென 1942-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் கண்டார். 1956-ஆம் ஆண்டில் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் சார்பில் வித்யா மந்திர் பள்ளி எழவும் காரணராக இருந்தார்.

நோயைத் தணிப்பதோடு நோய் முதலையும் நாடுபவனே நல்ல மருத்துவன். அம்மையாரும் குழந்தை மணத்தை ஒழிக்க முயன்றார். மண வயது குறித்து ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1929-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்காக உயர்த்தியது. 1952 முதல் 1956 வரை அவர் சட்ட மேலவை உறுப்பினராக விளங்கினார். 1958-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசி அன்று, இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வகுப்பில் பின்தங்கிய ஒருவரைக் காணும்போது நகைப்பது எளிது. அவர் எங்கே தடுக்கி நின்றார் என அறிந்து அங்கிருந்து கைப்பற்றி நடத்துவது அரிது. அவ்வரிய செயலையே அம்மையார் தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பிறர்க்கு நேராதவாறு காக்கும் அருளாக மாற்றிக்கொண்ட அவர் பெயர், தமிழகத்துப் பெண்கள் ஏடெடுத்துப் படிக்குங்காலமெல்லாம் நிலைத்து நிற்கும்.