மாற்றார் நாடகத்தையும் மெச்சிய கல்கி



2022ல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது சிங்கப்பூர் தேக்காவில் எங்கே போனாலும் அந்தப் பேச்சுதான். கதை எழுதிய கல்கியை எல்லாரும் அறிவோம். அவர் நாடகத்தையும் பாட்டையும் எடைபோட்டு எழுதிய விமர்சகர் என்பதை நம்மில் பல பேர் மறந்துவிட்டோம்.

நம் பாட்டன்மார் பலர் கப்பலேறி வந்த அதே தஞ்சைச் சீமையில், மாயவரத்துக்குப் பக்கம் புத்தமங்கலத்தில் 1899ல் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. காந்தியார் அழைத்ததும் படிப்பை உதறினார். 1922ல் ஒரு வருஷம் ஜெயில். வெளியே வந்தவர், சென்னையில் தொழிற்சங்கம் வளர்த்த திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் 1923ல் சேர்ந்தார். 1929ல் ராஜாஜியோடு திருச்செங்கோடு ஆசிரமத்தில் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். சம்பளத்தன்றே கூலி கள்ளுக்கடையில் கரைந்த கதை தெரிந்த நமக்கு அந்த வேலையின் அருமை சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ‘ஆனந்த விகடன்’. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆடல் பாடல் பகுதி எழுதினார். எவ்வளவு பெரிய வித்துவானானாலும் குறை இருந்தால் சொல்லிவிடுவார். கேட்கிற ஜனங்களுக்குப் புரியவேண்டுமே என்று 1940களில் தமிழிசைக்காக வாதாடினார்.

ஊரார் ஆட்டத்தை எடைபோட்டவர் தம் கதையையும் ஜனங்கள் முன் வைத்தார். 1939ல் அவர் கதையில் ‘தியாகபூமி’ படம் வந்தது. வெள்ளைக்கார சர்க்கார் அதைத் தடை செய்தது. ‘கள்வனின் காதலி’யை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள்.

1941ல் மறுபடியும் ஜெயில் கண்டு, அந்த வருஷமே ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். அவர் காங்கிரஸ்காரர். அறிஞர் அண்ணாவோ எதிர் முகாம். ஆனாலும் அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு, பெர்னார்ட் ஷா, இப்சன் போன்ற மேல்நாட்டு நாடகாசிரியர்களோடு அவரைச் சேர்த்து வைத்து எழுதினார். ஆளைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார்.

1954 டிசம்பர் 5ல், 55 வயதில் கல்கி காலமானார்.

நம் சங்கக் கூட்டங்களில் என்ன நடக்கிறது? வேண்டாதவன் நல்ல யோசனை சொன்னாலும் வாயை மூடச் சொல்கிறோம். நம்ம ஆள் தப்புக் கணக்குக் காட்டினாலும் கை தட்டுகிறோம். நாமும் அப்படிக் கை தட்டியவர்கள்தான்; நஷ்டம் சங்கத்துக்குத்தான். அடுத்த கூட்டத்திலாவது, சொன்னது யார் என்று பார்க்காமல், சொன்னது சரிதானா என்று பார்ப்போமா?