18 வயசு தாண்டினா படிக்க முடியாதா? சகோதரி சுப்புலட்சுமி போட்ட வழி

மெரினாவில் விவேகானந்தர் இல்லம் தெரியும்தானே? நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஐஸ் ஹவுஸ், விதவைச் சிறுமிகள் தங்கிப் படித்த விடுதி. அதை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி.

1886-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம், கொஞ்ச நாளில் கணவர் மரணம். மொட்டை, மூலை என்று விடாமல் வீட்டில் படிக்க வைத்தார்கள். 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. மறு வருஷமே எழும்பூர் வீட்டில் நாலு விதவைகளோடு விடுதி தொடங்கியாச்சு.

அவர் போட்ட கணக்கு சிம்பிள். பெண் பிள்ளைகள் ஸ்கூலுக்கு வரணும்னா பெண் டீச்சர் வேணும், ஆள் இல்லை. இந்தப் பக்கம், வருமானமே இல்லாமல் வீட்டுக்குள் முடங்கிய விதவைகள். டீச்சர் டிரெய்னிங் சான்றிதழ் கைக்கு வந்தால் சம்பளம் நிச்சயம். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர்.

ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கானது என்பது பெரிய குறை, மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு சிக்கல், 18 வயசுக்கு மேல் அங்கே இடம் கிடையாது. அப்போ 25 வயசில் கணவரை இழந்தவர் எங்கே போவார்? அவர்களுக்காகத்தான் 1927-ல் விடுதியோடு சாரதா வித்யாலயா. 1942-ல் வயது வந்த பெண்களுக்கென்றே மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம். அப்போது சுப்புலட்சுமிக்கே 50 தாண்டிவிட்டது.