அயோத்திதாசப் பண்டிதரும் அவர்தம் பாட்டனாரும்

தென்காசி, குற்றாலப் பகுதியில் நம் இளைஞர் சிலர் தத்தம் குடும்ப வரலாற்றை எழுத முற்பட்டிருப்பது கண்டு மகிழ்கின்றோம். ஆயின், பாட்டனாரின் பெயர் பட்டாவில் ஒன்றாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறொன்றாகவும் இருக்கக் கண்டு, எது மெய்யெனத் தெளியாது பாதியில் விட்டுவிடுவோரே மிகுதி. அன்னோர்க்குப் பண்டிதர் அயோத்திதாசரின் வரலாறு துணையாகும்.

1845 மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பதாம். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே நன்றி மறவாது தம் பெயராக்கிக் கொண்டார். பிறந்த ஊர் சென்னை ஆயிரம் விளக்கு என்பாரும், கோயம்புத்தூர் மாவட்டம் என்பாரும் உளர். குடும்பம் பின்னர் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. இடம்விட்டு இடம் சென்ற குடும்பங்களில் இத்தகைய மயக்கம் வியப்பன்று.

பாட்டனார் கந்தப்பனைப் பற்றிய சிக்கலோ இதனினும் பெரிது. ஹாரிங்டன் துரையிடம் பட்லராயிருந்த அவர் வாயிலாகவே திருக்குறள் ஏட்டுச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்று பண்டிதர் எழுதினார். 1812இல் சென்னையில் அச்சேறிய திருக்குறள் மூலபாடத்திலோ, பதிப்பித்த தஞ்சை ஞானப்பிரகாசனார் பெயர் உண்டு. பாடம் பார்த்த திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர் பெயரும் உண்டு. (தென்காசி அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது, கவிராயர் நம் சீமைக்காரரே.) கந்தப்பன் பெயர் மட்டும் இல்லை.

ஒன்று மெய்யாயின் மற்றது பொய்யாதல் வேண்டுமோ? வேண்டா. சுவடி ஈந்தவர், பாடம் ஒப்பிட்டவர், அச்சிட்டவர் என மூவர் இருத்தல் கூடும். துரைமார் வீட்டுப் பணியாளரின் பெயரை நூன்முகப்பில் பொறிக்கும் வழக்கம் அக்காலத்தில் ஏது? எனினும், அந்நூல் கூறாததைக் கூறியதாக நாமும் எழுதலாகாது. இது பேரனார் வழிவந்த செய்தி, இது அச்சுச் சான்று என்று இரண்டையும் பிரித்து, அருகருகே எழுதி வைத்தலே முறை. ஒன்றுக்காக மற்றொன்றை அடித்துவிடுதல் ஆகாது.

பண்டிதர் ஓய்ந்திருக்கவில்லை. 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1907 ஜூன் 19இல் தொடங்கிய ஒரு பைசாத் தமிழன் மறு ஆண்டில் தமிழன் ஆயிற்று. வள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கிய கட்டுக்கதைகளை மறுத்தெழுதியதும், பாட்டனார் அளித்த சுவடியைப் பற்றிய செய்தியைப் பதிந்ததும் அவ்விதழிலேதான். அவர் எழுதாதிருந்தால் கந்தப்பன் என்றொருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. 1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார்.