நிக்கோலா டெஸ்லா: மின்னலை எண்ணெயில் அடக்கியவர்

இந்த இதழுக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னதும் நான் டெஸ்லாவை எடுத்துக்கொண்டேன். காரணம் நம்ம ஜெராம் பிள்ளைங்கதான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு டெஸ்லா சுருள் செய்யணும்னு சிலர் கிளம்பியிருக்காங்க. நான் செம்பனை ஆலையில் மின்பணி பார்க்கிறவன் என்பதால் என்கிட்ட வந்து கேக்குறது ஒரே கேள்விதான்: டிரான்ஸ்பார்மருக்கு எத்தனை சுற்று டேப் ஒட்டினால் போதும்? அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே அதற்குப் பதில் இருக்கு.

1856 ஜூலை 10-ஆம் நாள், இன்றைய குரோவேஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்ற சிற்றூரில், செர்பியக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கிறிஸ்துவப் பாதிரியார். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்கிற கைகாரி. மகன் கிராஸ் நகரில் பொறியியல் படித்தார், படிப்பை முடிக்கவில்லை. 1884-இல் நியூயார்க் வந்து எடிசனிடம் சில மாதம் வேலை பார்த்தார். வெளியே வந்து தொடங்கிய கம்பெனியும் கைவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் நாளுக்கு 2 டாலர் கூலிக்குக் குழி வெட்டியிருக்கிறார். தோட்டத்தில் கான் வெட்டிய தாத்தாமார்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது புரியும்.

1888-இல் அவருடைய மாறுதிசை மின்மோட்டார் வெளிவந்தது. வெஸ்டிங்ஹவுஸ் அதை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் விளக்குகளில் பெரும்பாலானவை எரிந்தது மாறுதிசை மின்சாரத்தில்தான். அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமய மாநாட்டில்தான் நம் விவேகானந்தர் பேசினார் என்பதையும் நினைவில் வைங்க.

இப்போ சுருளுக்கு வருவோம். 1891-இல் அவர் அமைத்த சுருள் மின்னழுத்தத்தைப் பல்லாயிரம், லட்சம் வோல்ட்டுக்கு ஏற்றியது. ஏற்றுவதைவிட அதைக் கம்பிக்குள் நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. அவ்வளவு அழுத்தத்தில் மின்சாரம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவும், உறையைத் துளைக்கும், ஒரு நொடியில் சுருளே கருகிவிடும். பலர் உறையை மேலும் மேலும் தடிப்பாக்கிப் பார்த்தார்கள். டெஸ்லா கண்டுபிடித்த எதிரி வேறு: உறைக்குள் மாட்டிக்கொண்ட காற்று. குமிழி இருக்கும் இடத்தில் மின்புலம் குவிகிறது. அங்கே காற்று மின்னேறிச் சூடாகிறது. சூடு உறையைக் கரியாக்குகிறது. கரி மின்சாரத்துக்குப் பாதையாகிறது. எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் அடியில் கடுகளவு குமிழி இருந்தால் கதை முடிந்தது.

அதனால் சுருளையே எண்ணெயில் மூழ்கடித்தார். ஈரம் போகக் காய்ச்சிய எண்ணெய் எல்லா இடுக்கிலும் புகுந்து காற்றை வெளியே தள்ளும். திடமான உறையில் ஒரு முறை ஓட்டை விழுந்தால் அது நிரந்தரம். எண்ணெயில் பொறி பறந்தால் எண்ணெய் மறுபடி வந்து மூடிக்கொள்ளும். 1892 பிப்ரவரியில் லண்டனில் உரையாற்றியபோது அப்படி ஒரு சுருளின் அமைப்பை விவரித்தார். தடித்த மரப்பெட்டி, வெளியே பற்றவைத்த துத்தநாகத் தகடு. உள்ளே கெட்டி ரப்பர் உருளைகள். இரண்டாம் சுருள் இரு பாதி. ஒவ்வொன்றிலும் 26 அடுக்கு, அடுக்குக்கு 10 சுற்று, ஆக 260. முதல் சுருளுக்கு மின்சாரம் துளைத்துப் பாயும் அபாயம் குறையும்படி அமைத்த சுற்று அது. 1897-இல் இன்னும் ஒரு படி மேலே போய், சுருளை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு, உருக்கிய காப்புப்பொருளை அழுத்தி நிரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சாலையோரம் 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்ற அளவுக்கு இறக்குகிற மின்மாற்றிகள் பலவற்றின் வயிற்றிலும் எண்ணெய்தான் இருக்கு, பாருங்க.

இன்னொரு சங்கதி. அந்த லண்டன் சுருளின் கம்பிக்குச் சுற்றிய உறை கட்டாபெர்ச்சா. மலாயில் கெத்தா பெர்ச்சா. தபான் மரத்தின் பால் அது. மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் விளைவது. பால்மரத்தை நாம சீவினோம், மரம் நின்றது. தபானை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்காகக் காடு காடாக அழிந்தது. மின்யுகத்தின் சரித்திரத்தில் மலாயாக் காட்டுக்கும் பங்கு உண்டு. நம்ம பாடப்புத்தகத்தில் இதை ஏன் பெரிசா எழுதலைன்னு எனக்குத் தெரியல.

தம்பிமாரே, ஒரு பேச்சு. இந்தக் காப்பு எல்லாம் சுருளைக் காப்பாற்றத்தான், உங்க கையை அல்ல. பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து டிரான்ஸ்பார்மர் எடுக்கிறதா கேள்விப்பட்டேன். வேணாம். அது தருவது சுமார் 2,000 வோல்ட்; ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தோட. எண்ணெயில் போட்டாலும் அது பிடிச்சா விடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த அடுப்பின் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, சில வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சின்னச் சுருள் செய்யுங்க. தத்துவம் அதேதான்.

1895 மார்ச்சில் டெஸ்லாவின் ஆய்வுக்கூடம் தீப்பிடித்துக் கருவிகளெல்லாம் போயின. மறுபடி ஆரம்பித்தார். 1896-இல் நியூயார்க்கில் விவேகானந்தரைச் சந்தித்தார். சக்தியும் ஜடமும் நிலையாற்றலாகச் சுருங்கக்கூடியவை என்று கணக்கால் காட்ட முடியும் என்று டெஸ்லா நம்பியதைச் சுவாமி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நிரூபணத்தை டெஸ்லா வெளியிடவில்லை. வேதத்தைப் படித்துத்தான் மோட்டாரைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீங்க. மோட்டார் வந்தது 1888, சந்திப்பு 1896. பிற்காலத்தில் அவர் ஆகாசம், பிராணன் என்ற நம் சொற்களைத் தம் எழுத்தில் எடுத்தாண்டது மட்டும் உண்மை.

1899-இல் கொலராடோவில் பல மீட்டர் நீள மின்னலை உண்டாக்கினார். 1901-இல் மார்கனின் பணத்தில் நியூயார்க் அருகே கோபுரம் எழுப்பத் தொடங்கினார். பணம் நின்றது, வேலையும் நின்றது. 1917-இல் கோபுரத்தை இடித்தார்கள். கடைசிக் காலத்தில் ஹோட்டல் அறைகளில் தனியாகத் தங்கிப் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 7-ஆம் நாள், நியூயார்க்கர் ஹோட்டலின் 3327-ஆம் எண் அறையில் உயிர் பிரிந்தது. வயது 86. அஸ்தி பெல்கிரேடு நகரில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் இருக்கிறது. 1960-இல் காந்தப்புலத்தின் அளவைக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பல 1.5 டெஸ்லா வலிமை உள்ளவை.